உப்பு முதல் இணைய விளையாட்டு வரை: ஊவாவில் விற்பனை வரியின் வரலாறு

இலங்கையின் ஊவா மாகாணத்தில் விற்பனை வரியின் வரலாறு உப்பிலிருந்து தொடங்குகிறது. மலைநாட்டில் உப்பு விளைவதில்லை. அம்பாந்தோட்டை உப்பளங்களில் அள்ளிய உப்பு, பொதிமாடுகளின் முதுகில் ஏறி, தாழ்நிலக் காடுகளைத் தாண்டிப் பதுளைக்கு வந்து சேர்ந்தது. 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன பிறகு உப்பு வியாபாரம் அரசின் தனியுரிமையாக நீடித்தது. கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து 1833இல் கறுவா உள்ளிட்ட தனியுரிமைகள் நீக்கப்பட்டபோதும் உப்பை மட்டும் அரசு விடவில்லை. உப்பை எடுக்க ஆகும் செலவுக்கும் அரசு விற்ற விலைக்கும் இடையிலிருந்த பெரிய இடைவெளிதான் வரி. அதற்குப் பற்றுச்சீட்டு இல்லை. வரி என்ற பெயரும் இல்லை. ஒரு பிடி உப்பு வாங்கிய எவரும் தாம் அரசுக்கு வரி கட்டியதை அறிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. பொருளின் விலைக்குள்ளேயே கலந்துவிடும் இந்த முறை, பின்னர் ஊவாவில் வந்த விற்பனை வரிகள் பலவற்றிலும் தொடர்ந்தது.

அரிசியின் கதை இன்னும் கனமானது. 1830களின் இறுதியிலும் 1840களிலும் மலைச்சரிவுகளில் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து ஆட்கள் கங்காணிகளின் பின்னால் வந்தார்கள். அவர்களுக்கு வேண்டிய அரிசி மலைநாட்டு வயல்களில் கிடைக்கவில்லை. இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து, துறைமுகத்தில் இறக்குமதித் தீர்வை கட்டி, மாட்டுவண்டிகளில் மலையேறியது. நேர்வரியைப் பொறுத்தவரை தோட்டத் தொழிலாளருக்கு விலக்கு இருந்தது. 1848ஆம் ஆண்டின் வீதிக் கட்டளைச் சட்டம் வளர்ந்த ஆண்கள் அனைவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லையேல் அதற்கீடாகப் பணம் கட்ட வேண்டும் என்றது. பின்னர் 1861இல் வந்த பெருந்தெருக்கள் கட்டளைச் சட்டம் பௌத்த பிக்குகளையும் குடியேறிய கூலிகளையும் அந்தக் கடமையிலிருந்து நீக்கி வைத்தது. இதை வைத்துத் தோட்டத் தமிழர் வரி கட்டாதவர்கள் என்று எழுதியவர்களும் உண்டு. அது தவறு. அவர்கள் நாள்தோறும் உண்ட அரிசியிலும் உப்பிலும் வரி ஏறியே இருந்தது.

1886இல் ஊவா தனி மாகாணமாகிப் பதுளை அதன் தலைநகரானது. அந்தக் காலத்தில் இலங்கையை உலுக்கிக்கொண்டிருந்த வரிப் பிணக்கு நெல் வரியைப் பற்றியது. 1878ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் விளைச்சலில் பங்காகக் கொடுத்த வரி பணமாக மாற்றப்பட்டது. பணம் கட்ட முடியாதவர்களின் வயல்கள் ஏலத்தில் போயின. ஊவாவின் எல்லைக்கு அப்பால் வலப்பனைப் பகுதியில் காணி இழந்த குடும்பங்கள் பசியால் மடிந்த செய்தி, நுவரெலியா உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர் முதலானோரால் வெளியே வந்தது. தோட்டமும் வணிகமும் நடத்திய ஜோர்ஜ் வோல் இந்த வரிக்கெதிராகத் தொடர்ந்து எழுதினார். இங்கிலாந்தின் கொப்டன் கழகமும் சேர்ந்துகொள்ள, ஆளுநர் ஹவ்லொக் காலத்தில் 1892இல் நெல் வரி ஒழிக்கப்பட்டது. ஆனால் வெளியிலிருந்து வந்த அரிசிமீதான இறக்குமதித் தீர்வை அப்படியே விடப்பட்டது. வயல் வைத்திருந்த சிங்களக் கிராமத்துக்கு விடிவு வந்தது; வயலே இல்லாத தோட்டத் தொழிலாளரின் லயத்துக்கு வரவில்லை. அப்போதைய விவாதங்களில் இந்த முரண்பாடு சுட்டிக்காட்டப்பட்டும், தீர்வையைக் கட்டிய தொழிலாளரின் குரல் அந்த விவாதத்தில் எங்கும் இல்லை.

தோட்டத்துக்குள் சந்தை என்பதே வேறு மாதிரி இயங்கியது. அரிசியைத் தோட்ட நிர்வாகம் தானே வழங்கி, மாத முடிவில் சம்பளக் கணக்கில் கழித்துக்கொண்டது. கடன் கங்காணியிடம், அரிசி ஸ்டோரில், மிஞ்சிய சில்லறை தோட்டக் கடையில் என்றிருந்த வாழ்வில் விலை, கடன், வரி என்று மூன்றையும் பிரித்துப் பார்க்க வழியில்லை. கடன் எழுதிய துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ் 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று சம்பளம் தீர்மானமானது. அந்தச் சம்பளத்தோடு குறித்த விலைக்கு அரிசி வழங்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்திருந்தது. சம்பளத்தின் உண்மையான பெறுமதி அரிசி விலையில்தான் இருக்கிறது என்பதை அரசே ஒப்புக்கொண்ட இடம் இது.

வரி கட்டியும் அதைக் கேள்வி கேட்கும் உரிமை கிடைக்காத நிலை சுதந்திரத்துக்குப் பின் இன்னும் மோசமானது. 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தமிழரின் பெரும்பகுதியினரை வாக்காளர் இடாப்பிலிருந்து வெளியே தள்ளின. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 1988 சட்டம், 2003 சட்டம் என்று குடியுரிமைப் பிரச்சினை தீர ஐம்பதாண்டுக்கு மேல் பிடித்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் விற்பனை வரிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. நாடாளுமன்றத்தில் அவை விவாதிக்கப்பட்டபோது, பதுளைச் சந்தையில் அந்த வரியைக் கட்டியவர்களில் பாதிப்பேருக்கு மேல் பேசுவதற்கு ஆளில்லை என்று சொன்னாலும் பசறை, மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கங்களில் அது மிகையாகாது.

விளையாட்டுக்கும் கேளிக்கைக்குமான வரி ஒழுங்கான சட்டமாக வந்தது 1946இல். அந்த ஆண்டின் 12ஆம் இலக்கக் களியாட்ட வரிக் கட்டளைச் சட்டம், திரைப்படம், சர்க்கஸ், நாடகம், இசை நிகழ்ச்சி முதலானவற்றுக்கு அனுமதிக் கட்டணம் செலுத்துவோரிடம் வரி அறவிடும் அதிகாரத்தை உள்ளூராட்சி மன்றங்களுக்குத் தந்தது. பதுளையில் அது நகராட்சிக்குப் போனது. சம்பள நாளுக்குப் பிந்திய ஞாயிற்றுக்கிழமை தோட்டங்களிலிருந்து தமிழ்ப்படம் பார்க்க நகரத்துக்கு இறங்கியவர்கள் டிக்கெட்டோடு இந்த வரியையும் கட்டினார்கள். இந்தச் சட்டத்தின் அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. இன்றைய இணைய விளையாட்டு வரிப் பிணக்கின் முடிச்சு அதில்தான் இருக்கிறது. வரி விதிக்க அதற்கு ஓர் இடம் வேண்டும், அந்த இடத்துக்கு ஒரு வாசல் வேண்டும், வாசலில் டிக்கெட் கிழிப்பவர் ஒருவர் வேண்டும். எந்த மன்றத்தின் எல்லைக்குள் அந்த வாசல் இருக்கிறதோ அந்த மன்றத்துக்கு வரி சேரும். டிக்கெட்டின் அடிக்கட்டையை எண்ணினால் கணக்கு முடிந்தது. நகரசபைக்காரர் நேரே வந்து எண்ணிப் பார்க்கக்கூடிய வரி இது. அந்தப் பணம் நகரத்துத் தெருவிளக்குக்கும் வடிகாலுக்கும் போனது. டிக்கெட் வாங்கியவர் திரும்பிப் போன லயத்துக்கு அதில் ஒன்றும் போகவில்லை என்பதும் அதே எல்லைக்கோட்டின் விளைவுதான்.

எல்லா விற்பனைக்கும் பொதுவான வரி 1963ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டத்தின் மூலம் வணிகப் புரள்வு வரியாக வந்தது. 1981ஆம் ஆண்டின் 69ஆம் இலக்கச் சட்டம் அதைப் புரள்வு வரி என்று திருத்தியமைத்தது. புரள்வு வரியின் குறை வரிமேல் வரி ஏறுவது. ஒரு பொருள் இறக்குமதியாளரிடமிருந்து மொத்த வியாபாரியிடம் போகும்போது ஒருமுறை, அவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும்போது இன்னொருமுறை என்று மொத்த விலை முழுவதன்மீதும் வரி விழும். முன்னவர் கட்டியதைப் பின்னவர் கழிக்க முடியாது. கொழும்புப் புறக்கோட்டைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு இரண்டு கைகள் மாறி வரும் பொருள், லுணுகலைக்கு அப்பாலிருக்கும் தோட்டக் கடைக்கு நான்கு கைகள் மாறி வரும். தூரம் கூடக்கூட வரியும் கூடும். தோட்டத்துச் சாமான் விலை நகரத்து விலையைவிட எப்போதும் ஒரு படி மேலே நின்றதற்கு லொறி வாடகையோடு இதுவும் ஒரு காரணம்.

1987 நவம்பரில் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது. மாகாண சபைகளுக்கான அதிகாரப் பட்டியலின் 36ஆம் பந்தி, மொத்த, சில்லறை விற்பனைமீதான புரள்வு வரியையும், பந்தயத்துக்கும் பரிசுப் போட்டிகளுக்குமான வரியையும், மதுபான உரிமக் கட்டணங்களையும், மோட்டார் வாகன உரிமக் கட்டணத்தையும், முத்திரைத் தீர்வையையும் மாகாணங்களுக்குக் கொடுத்தது. 1988இல் ஊவா மாகாண சபை அமைந்தது. பதுளை வரலாற்றில் முதன்முறையாக, பதுளைக் கடைவீதியில் நடந்த விற்பனையின் வரி பதுளையிலேயே தீர்மானமாகிப் பதுளையிலேயே சேர்ந்தது. ஊவா போன்ற வறிய மாகாணத்துக்கு இதிலும் ஓர் இடர் இருந்தது. விற்பனை அதிகம் நடப்பது மேல் மாகாணத்தில். பெரிய நிறுவனங்களின் கணக்குப் புத்தகம் கொழும்பில் இருந்தால் வரியும் கொழும்புப் பக்கமே விழும். ஊவாவில் விளைந்த தேயிலையும் கொழும்பு ஏலத்தில்தான் விலைபோனது. இருந்தும், சொந்தமாக வரி விதிக்கும் கை ஒன்று மாகாணத்துக்கு இருந்தது என்பது சிறிய விடயமல்ல.

1998 ஏப்ரலில் பண்டங்கள் சேவைகள் வரி நடைமுறைக்கு வந்தபோது அது சில்லறை, மொத்த வியாபாரத்தைத் தொடாமல் விட்டதற்குக் காரணம் இந்த 36ஆம் பந்திதான். 2002ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அந்த ஆண்டு ஓகஸ்ட் முதலாம் திகதி வந்த பெறுமதி சேர் வரியும் அந்த எல்லையைப் பெருமளவு மதித்தது. பிறகு எல்லை கரைந்தது. 2011 ஜனவரியிலிருந்து மாகாணப் புரள்வு வரி கைவிடப்பட்டது. அதற்கீடாக, மத்திய அரசு அறவிட்ட தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு மாகாணங்களுக்குப் பகிரப்படும் என்று ஏற்பாடாயிற்று. 2013இல் பெறுமதி சேர் வரி பெரிய சில்லறை நிறுவனங்களுக்கு விரிந்தது. காலாண்டுக்கு 500 மில்லியன் ரூபா விற்பனை என்றிருந்த அந்த எல்லை 250, 100 என்று இறங்கியது. 2019 டிசம்பரில் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியும் நீக்கப்பட்டது. மாகாணத்தின் பங்கு எதிலிருந்து வந்ததோ அந்த ஊற்றே போய்விட்டது. கொடுத்ததைப் பெயர் மாற்றி, பெயரை மாற்றியதை ஒழித்து, மாகாண வரி அதிகாரத்தை வெறுங்காகிதமாக்கிய இந்தப் பத்தாண்டுக் கதை அதிகாரப் பகிர்வு விவாதங்களில் பேச வேண்டிய அளவுக்குப் பேசப்படவில்லை.

மாகாணத்துக்குக் கீழே பிரதேச சபை மட்டத்தில் தோட்டங்களின் நிலை வேறு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பயிரிடப்பட்ட பெருநிலங்களுக்கு ஏக்கர் வரி அறவிடச் சபைகளுக்கு இடம் தந்தது. அதே சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாகக் கொள்ளப்பட்டது. தோட்டத்து வீதியும் லயமும் கம்பெனிக்குச் சொந்தம், ஆகவே அங்கு செலவிட முடியாது என்று சபைகள் முப்பது ஆண்டுகளாகப் பதில் சொல்லிவந்தன. தோட்டமக்கள் வாக்களித்துத் தெரிவான உறுப்பினர்களே தங்கள் லயத்துப் பாதைக்கு ஒரு லோட் கல் போட முடியாமல் இருந்தார்கள். மலையகக் கட்சிகளும் சமூக அமைப்புகளும் தொடர்ந்து கோரி, 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. வாங்கும் பொருளுக்கு வரி கட்டுகிற ஒருவர் அந்த வரியின் பயனைத் தன் வாசலில் பெறுவதற்குச் சட்டமே குறுக்கே நின்ற காலம் அது.

இணையத்துக்கான பணம் தோட்டங்களுக்குள் முதலில் வந்தது கைத்தொலைபேசி ரீலோட் வழியாக. 2011ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தொலைத்தொடர்பு அறவீட்டுச் சட்டம், பல வரிகளுக்குப் பதிலாக அழைப்புக் கட்டணத்துக்கு 20 சதவீதம், இணையத்துக்கு 10 சதவீதம் என்று ஓர் அறவீட்டைக் கொண்டுவந்தது. அழைப்புக்கான வீதம் பின்னர் 25 ஆனது. 2016 மே மாதம் அரசாங்கம் பெறுமதி சேர் வரியை 11இலிருந்து 15 சதவீதமாக உயர்த்தியதோடு, அதுவரை விலக்குப் பெற்றிருந்த தொலைத்தொடர்பையும் தனியார் மருத்துவத்தையும் அதற்குள் கொண்டுவந்தது. பதிவுக்கான விற்பனை எல்லையும் காலாண்டுக்கு 3 மில்லியன் ரூபா அளவுக்கு இறங்கியதால் நகரத்து நடுத்தரக் கடைகள்கூட வரிவலைக்குள் சிக்கின. நாடெங்கும் கடையடைப்பும் ஆர்ப்பாட்டமும் நடந்தன.

இந்தப் பிணக்கு நீதிமன்றம் போனது. புதிய வீதம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் எதுவுமின்றி அறவிடப்படுகிறது என்பதே வழக்கின் சாரம். பொது நிதிமீது முழு அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உரியது, அது இயற்றிய சட்டத்தின் அதிகாரமின்றி எந்த அதிகாரசபையும் வரி விதிக்க முடியாது என்று அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை சொல்கிறது. 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் வரி அதிகரிப்பை இடைநிறுத்தி இடைக்காலக் கட்டளை இட்டது. உரிய சட்டம் பிறகு நிறைவேறி 2016 நவம்பர் முதலாம் திகதி 15 சதவீதம் மீண்டும் வந்தது. அறவீடு 25, தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி 2, பெறுமதி சேர் வரி 15, செஸ் 2 என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்கிப் பார்த்தால் ஒரு ரூபா அழைப்புக்கு ஏறத்தாழ 50 சதம் வரி. பிள்ளை கொழும்பில் கடையொன்றிலோ வீட்டுவேலையிலோ இருக்கும் தோட்டத்துத் தாய், அந்தப் பிள்ளையோடு பேசிய ஒவ்வொரு நிமிடத்துக்கும் இந்த விகிதத்தில் வரி கட்டினாள். இணையத்துக்கான 10 சதவீத அறவீடு 2017 செப்டெம்பரில் நீக்கப்பட்டதால் அந்தப் பக்கம் கொஞ்சம் இறங்கியது.

கொவிட் காலத்தில் பாடசாலைகள் மூடப்பட்டபோது இணையம் பொழுதுபோக்குக்கானது மட்டும் என்ற எண்ணம் ஊவாவில் உடைந்தது. 2021இல் பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியரும் சமிக்ஞை தேடிக் காட்டுப்பாறை ஏறிய படங்கள் உலகச் செய்தியாயின. ஒரே ரீலோட்டில்தான் பாடமும் பார்க்கப்பட்டது, விளையாட்டும் விளையாடப்பட்டது. ஒரே தொலைபேசிதான் தாய்க்கும் மூன்று பிள்ளைகளுக்கும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் விளையாட்டு வரியைப் பற்றிப் பேசினால், அது வசதியுள்ள வீட்டுப் பையன்களின் சங்கதியாக மட்டும் தோன்றும்.

2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15இலிருந்து 8 சதவீதமாக வெட்டப்பட்டு, பதிவு எல்லை ஆண்டுக்கு 300 மில்லியன் ரூபாவுக்கு ஏற்றப்பட்டது. அரசின் வருமானம் சரிந்தது. 2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் நின்றது. அந்த ஆண்டு ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரி முதலாம் திகதி 18 என்று வரி ஏறியது. எரிபொருள், சமையல் எரிவாயு, கைத்தொலைபேசி ஆகியவற்றுக்கு இருந்த விலக்குகளும் 2024இல் போயின. வெட்டியதன் பயனைத் தோட்டக் கடை காணவில்லை. ஏற்றியதன் சுமையை உடனே கண்டது.

இணைய விளையாட்டுச் சந்தாவின் தன்மை முந்திய பொருள்களிலிருந்து மாறுபட்டது. விளையாடுபவர் மாதாமாதம் ஒரு தொகை கட்டி, வெளிநாட்டுக் கணினிகளில் ஓடும் விளையாட்டுக்குள் நுழையும் உரிமையை வாங்குகிறார். 2004இல் வந்த ‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’ இந்த மாதக் கட்டண முறையை உலகெங்கும் பரப்பியது. இப்போது கைத்தொலைபேசி விளையாட்டுகளில் மாதச் சந்தாவோடு, விளையாட்டுக்குள் செலவிடும் வைரங்களையும் காசுகளையும் வாங்குவதும் சேர்ந்துள்ளது. இந்தக் கட்டணம் பண்டமா, சேவையா, களியாட்டமா என்ற கேள்விக்கு நாடுகள் வெவ்வேறு விடை கண்டன. ஐரோப்பிய ஒன்றியம் அதை மின்னணுச் சேவை என்று வகுத்து, 2003 ஜூலையிலிருந்து வெளிநாட்டு விற்பனையாளர்களும் அங்குள்ள நுகர்வோரிடம் வரி அறவிட்டுக் கட்ட வேண்டும் என்றது. அமெரிக்காவில், மாநிலத்துக்குள் கடையோ களஞ்சியமோ இல்லாத விற்பனையாளரிடம் விற்பனை வரி கேட்க முடியாது என்ற 1992ஆம் ஆண்டின் குவில் தீர்ப்பு இருபத்தாறு ஆண்டுகள் நின்றது. 2018 ஜூனில் தென் டகோட்டா–வேஃபெயர் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. சிகாகோ நகரம் வேறு வழியில் போனது. திரையரங்குக்கும் மைதானத்துக்கும் இருந்த பழைய களியாட்ட வரியை 2015இல் 9 சதவீதமாக இணையப் படங்களுக்கும் இசைக்கும் விளையாட்டுகளுக்குமான சந்தாக்களுக்கு நீட்டியது. நகரவாசிகள் வழக்குப் போட்டார்கள். 2019இல் இல்லினோய் மேன்முறையீட்டு நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. இந்தியா 2016 டிசம்பரிலிருந்து வெளிநாட்டு இணையச் சேவைகளை வரிக்குள் கொண்டுவந்தது. பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு அங்கே 2023 ஒக்டோபரில் 28 சதவீத வரி வந்தது தனிப் பிணக்கு. அது சந்தாவைப் பற்றியதல்ல, பந்தயத்தைப் பற்றியது.

சிகாகோவின் வழி பதுளைக்குத் திறக்கவில்லை. 1946ஆம் ஆண்டின் சட்டம் ஓர் இடத்துக்குள் அனுமதிப்பதைப் பற்றியது. ஹப்புத்தளை லயமொன்றில் கட்டிலில் சாய்ந்தபடி தொலைபேசியில் ஆடும் இளைஞன் எந்த மண்டபத்துக்குள்ளும் நுழைவதில்லை. மாகாணப் புரள்வு வரி உயிரோடு இருந்திருந்தாலும் ஊவாவுக்குள் கடை வைத்திருக்கும் விற்பனையாளர் யார் என்ற கேள்வியில் அது தடுக்கி நின்றிருக்கும். மீதமிருந்த ஒரே வழி மத்திய அரசின் பெறுமதி சேர் வரி. 2025ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், இலங்கையில் வதியாத நிறுவனங்கள் மின்னணு மேடைகள் வழியாக இலங்கையிலுள்ளவர்களுக்கு வழங்கும் சேவைகளை 18 சதவீத வரிக்கு உட்படுத்தியது. 2025 ஒக்டோபர் முதலாம் திகதி தொடங்க வேண்டிய அந்த ஏற்பாடு, 2026 ஏப்ரலுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. சட்டத்தின்படி வெளிநாட்டு நிறுவனமே உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிந்து, வாடிக்கையாளரிடம் வரியை வாங்கிக் கட்ட வேண்டும்.

இதன் நியாயம் எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல. இலங்கையில் இருந்துகொண்டு விளையாட்டோ செயலியோ விற்கும் நிறுவனம், பதிவு எல்லையைத் தாண்டினால் 18 சதவீதம் அறவிட வேண்டும். சிங்கப்பூரிலோ கலிபோர்னியாவிலோ இருப்பது அறவிட வேண்டியதில்லை என்றால் சொந்த நாட்டுக்காரருக்குத்தான் தண்டனை. கடன்பட்ட அரசு வரியின்றி ஓடாது. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரி போடுவதைவிட விளையாட்டுக்குப் போடுவது மேல் என்பதையும் மறுக்க முடியாது.

எதிர்ப்பக்கத்து வாதங்களும் கனமானவை. வெளிநாட்டு நிறுவனம் பதியாமல் விட்டால் அதை இழுத்து வரும் கை கொழும்புக்கு நீளாது. ஒழுங்காகப் பதியும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் வரி கட்டுவார்; பதியாத நிறுவனத்தின் வாடிக்கையாளர் கட்டமாட்டார். வங்கி அட்டை இல்லாத தோட்டத்து இளைஞர்கள் நகரத்துக் கம்யூனிகேஷன் கடையில் காசைக் கொடுத்து, கடைக்காரரின் அட்டையால் வைரங்களை ஏற்றிக்கொள்வதுண்டு. அங்கே மேடையின் விலை, வரி, நாணயமாற்று வேறுபாடு, கடைக்காரரின் தரகு எல்லாம் ஒரே தொகையாகிவிடுகின்றன. எது அரசுக்குப் போகிறது, எது கடைக்காரருக்குப் போகிறது என்று கேட்கப் பற்றுச்சீட்டே இருக்காது. மேலும் சட்டம் பேசுவது மின்னணுச் சேவைகளைப் பற்றிப் பொதுவாக. விளையாட்டைப் பற்றித் தனியாக அல்ல. விளையாட்டு மேடைக்கு விழும் அதே வீதம், ஒரு மாணவி மொழியோ நிரலாக்கமோ படிக்கக் கட்டும் வெளிநாட்டுச் சந்தாவையும் தொடக்கூடியது.

தொகையைக் கணக்கிட்டுப் பார்த்தால் சுமை தெளிவாகும். மாதம் 5 டொலர் சந்தா, டொலர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால் விலை 1,500 ரூபா. 18 சதவீதம் என்பது 270 ரூபா. 2024 செப்டெம்பரில் சம்பளச் சபை தீர்மானித்த தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபா. அதில் 270 சரியாக ஐந்தில் ஒரு பங்கு. கொழும்பில் மாதம் மூன்று இலட்சம் உழைக்கும் ஒருவருக்கும் அதே 270தான். நுகர்வுவரி எல்லாவற்றுக்கும் உள்ள இந்தக் குணம் உப்புக் காலத்திலும் இருந்தது, ரீலோட் காலத்திலும் இருந்தது.

ஊவாவில் இந்த வரி பற்றி எழும் முறையீட்டில் வீதத்தைவிட முக்கியமானது பங்கு. களியாட்ட வரி பதுளை நகராட்சிக்குச் சேர்ந்தது. புரள்வு வரி ஏறத்தாழ இருபதாண்டுகள் மாகாண சபைக்குச் சேர்ந்தது. வெளிநாட்டு நிறுவனம் கட்டும் பெறுமதி சேர் வரி நேரே மத்திய திரட்டு நிதியத்துக்குப் போகிறது. சந்தா வாங்கியவர் எந்த மாகாணத்தில் இருக்கிறார் என்று அந்நிறுவனம் பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஊவா மாகாண சபைக்கோ, தோட்டங்கள் அடங்கிய பிரதேச சபைகளுக்கோ அதில் குறித்த பங்கு எதையும் பெறுமதி சேர் வரிச் சட்டம் ஒதுக்கவில்லை.